பழைய காரை ராலி காராக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கோவையிலும் சென்னையிலும் ராலி பார்த்துவிட்டு வருகிற பலருக்கு ஒரே ஆசைதான்: வீட்டில் சும்மா நிற்கும் எஸ்டீமையோ ஜிப்சியையோ ராலிக்குத் தயார் செய்ய வேண்டும். அவர்களுக்கு வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். அடிக்கடி காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். மண் பாதையில் நடக்கும் ஸ்டேஜ் ராலியை மனதில் வைத்து எழுதியது இது. இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. ஆண்டுதோறும் விதிகளை வெளியிடுகிறது. அந்த ஆண்டின் விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ராலியும் ரேஸும் ஒண்ணுதானே அண்ணா?

இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ நடப்பது ரேஸ். எல்லாக் கார்களும் சேர்ந்து கிளம்பி, தார் தளத்தில் சுற்றிச் சுற்றி வரும். ராலியில் கார்கள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பும். போக்குவரத்தை அடைத்துவிட்ட ஒரு பாதையை யார் குறைந்த நேரத்தில் கடக்கிறார்கள் என்பதுதான் போட்டி. அந்தப் பாதைக்கு ஸ்டேஜ் என்று பெயர். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்த ஸ்டேஜுக்குப் பொதுச் சாலையில், சாலை விதிகளுக்கு உட்பட்டு ஓட்டிப் போக வேண்டும். வழியில் நேரத்தைப் பதியும் சாவடியான டைம் கன்ட்ரோலுக்குக் குறித்த நிமிடத்தில் போய்ச் சேராவிட்டால் தண்டனை நேரம் கூடும்.

சிக்மகளூர், குடகுக் காபித் தோட்டங்களின் உள்பாதைகளையும் கோவைப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு நடுவே போகும் மண் தடங்களையும் நினைத்துப் பாருங்கள். கல், குழி, தூசி, திடீரென்று ஒரு பள்ளம். அதில் நாள் முழுக்க அடி வாங்கியும் கார் கடைசி ஸ்டேஜ் வரை வந்தாக வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லாமே அதற்காகத்தான்.

எந்தக் காரை எடுத்தா நல்லது?

முதல் கார் என்றால் என் தேர்வு மாருதி எஸ்டீம். எடை குறைவு, நான்கு பக்கமும் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) சஸ்பென்ஷன், 1.3 லிட்டர் இன்ஜின். நம் ஊரில் அதைப் பிரித்துக் கோத்த மெக்கானிக்குகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிற்கால மாடல்களில் இன்ஜெக்ஷன் வசதியோடு 85 குதிரைத்திறன் வந்தது. முடிந்தால் அதையே தேடுங்கள். 2007இல் உற்பத்தி நின்றுவிட்டதால், நல்ல பாடி கிடைப்பதுதான் இப்போது சிரமம்.

ஜிப்சி முரட்டு வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். ஆனால் முன்னும் பின்னும் இலைப்பட்டை ஸ்பிரிங், உயரமான உடல். வேகத்தில் அதைக் கட்டுப்படுத்தத் தனிப் பழக்கம் வேண்டும். கொஞ்சம் கூடுதல் சக்தி வேண்டுமென்பவர்கள் பழைய ஹோண்டா சிட்டி வி-டெக் பக்கம் போகிறார்கள். நல்ல இன்ஜின்தான், உதிரிபாகச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் காராக இருந்தாலும், போட்டியில் அதற்கு ஒரு வகுப்பு, அதாவது போட்டிப் பிரிவு, இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

பழைய கார் வாங்கறப்போ இன்ஜின் கண்டிஷன்தானே முதல்ல பாக்கணும்?

இன்ஜினைக் கடைசியில் பாருங்கள். தேய்ந்த இன்ஜினை மாற்றிவிடலாம், துருப்பிடித்த பாடியை ஒன்றும் செய்ய முடியாது. காரை லிஃப்டில் ஏற்றி, தரைத்தகட்டின் ஓரங்கள், கதவுக்குக் கீழே ஓடும் சில், முன்பக்க ஸ்ட்ரட் உட்காரும் கோபுரம், பின் சக்கர வளைவின் உள்பக்கம் எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கார் உருண்டால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜின் கால்கள் இந்தத் தகடுகள் மேல்தான் நிற்கப் போகின்றன. தகடு பொத்தலாக இருந்தால் எவ்வளவு நல்ல கேஜும் அதைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும்.

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெயின்ட் மங்கியிருக்கிறது, சீட் கிழிந்திருக்கிறது, ஏசி வேலை செய்யவில்லை என்றெல்லாம் சொல்லி விலையைக் குறையுங்கள். அவை எதுவும் நமக்குத் தேவையில்லை. ஆர்.சி. மட்டும் ஒழுங்காக, நடப்பில் இருக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய கார் என்றால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

வேலையை எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

பாடி, கேஜ், சீட்–பெல்ட், அடிப்பக்கக் காப்பு, பிரேக், சஸ்பென்ஷன், கடைசியாக இன்ஜின். இந்த வரிசையை மாற்றாதீர்கள். காசு நடுவில் தீர்ந்துபோவது எல்லோருக்கும் நடப்பதுதான். இந்த வரிசையில் போயிருந்தால், தீர்ந்த இடத்தில் உங்களிடம் இருப்பது மெதுவான, ஆனால் பாதுகாப்பான கார். தலைகீழாகப் போயிருந்தால் வேகமாக ஓடி ஆளைக் கொல்லக்கூடிய கார்.

உள்ள இருக்கறதை எல்லாம் கழட்டி வீசிடலாமா? வெயிட் குறையுமே?

பின் சீட், கார்ப்பெட், கூரைத்துணி, சத்தம் அடக்க ஒட்டிய தார்ப்பட்டை எல்லாம் போகலாம். வெல்டிங் பொறி பட்டால் எரியக்கூடியவை என்பதால் போயே ஆகவும் வேண்டும். கழற்றியதை வகுப்பின் விதிகளைப் பார்க்கும்வரை தூக்கி வீசாதீர்கள். சில வகுப்புகளில் டேஷ்போர்டு, கதவு உள்பலகை போன்றவை இருக்க வேண்டும் என்பார்கள்.

வெறும் தகடான பிறகு செய்ய வேண்டிய நல்ல வேலை ஒன்று உண்டு. கம்பெனியில் தகடுகளைப் புள்ளி புள்ளியாகத்தான் பற்றவைத்திருப்பார்கள். ஸ்ட்ரட் கோபுரம், துணைச் சட்டமான சப்ஃப்ரேம் மாட்டும் இடம், பின் சஸ்பென்ஷன் பிடி ஆகிய இடங்களில் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே விட்டுவிட்டுச் சின்னச் சின்ன வெல்டு போடுங்கள். ஒரே இழுப்பில் நீளமாகப் போட்டால் சூட்டில் தகடு நெளியும். கோபுரத்தின் மேல் ஒரு வலுவூட்டும் தகடும் சேருங்கள். மண் ராலியில் முதலில் வெடிப்பது அந்த இடம்தான். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பலர் இதைச் செய்யாமல் விடுவது எனக்கு வருத்தம்.

ரோல் கேஜ் நம்ம ஊர் வெல்டரே செஞ்சிடுவாரே, ஜி.ஐ. பைப் போதுமா?

ஜி.ஐ. பைப் கூடவே கூடாது. அது தண்ணீர் போக உருட்டிச் சேர்த்த குழாய். நீளவாக்கில் அதற்கு ஒரு தையல் உண்டு, அடிபட்டால் அங்கேதான் பிளக்கும். மேல்பூச்சில் இருக்கும் துத்தநாகம் வெல்டிங்கையும் கெடுக்கும், அந்தப் புகை வெல்டரின் உடம்பையும் கெடுக்கும்.

உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் விதி தெளிவாக இருக்கிறது. குளிர்நிலையில் இழுத்த, தையலில்லாத கார்பன் ஸ்டீல் குழாய். இழுவிசைத் தாங்குதிறன் குறைந்தது சதுர மி.மீ.க்கு 350 நியூட்டன். தலைக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளையத்துக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50-க்கு 2. மற்றக் குழாய்களுக்கு 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2. வளைப்பதைச் சூடு காட்டாமல் செய்ய வேண்டும். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். வளைத்த இடத்தில் குழாய் சப்பையாகியிருந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

கோவை வெல்டர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்டுக்கு கிரில் அடிப்பது வேறு, கேஜ் கட்டுவது வேறு. முன்பு கேஜ் கட்டிய அனுபவமுள்ளவரிடம் போங்கள். கூரையை ஒட்டிய மூட்டுகளில் மேல்பக்கம் டார்ச் நுழையாது என்று பாதியோடு விட்டுவிடுவார்கள். குழாயைச் சுற்றி முழு வட்டமும் வெல்டு விழுந்திருக்க வேண்டும். கூரைக்கும் குழாய்க்கும் நடுவே சின்னக் கண்ணாடியை நுழைத்து ஒவ்வொரு மூட்டையும் நீங்களே பாருங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் பாருங்கள்.

கேஜை ஃப்ளோர்ல போல்ட் போட்டா பத்தாதா?

வெறும் தகட்டில் துளை போட்டு மாட்டினால் பத்தாது. கால் நிற்கும் இடத்தில் குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகட்டைப் பாடியோடு பற்றவைக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் எம்8 அளவில், 8.8 தரத்தில் மூன்று போல்ட்டாவது வேண்டும். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும். பொறிக்காத போல்ட்டைக் கடைக்காரர் எவ்வளவு நல்லதென்று சொன்னாலும் வாங்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் ராலி சீட், பெல்ட் கிடைக்குது, வாங்கலாமா?

தேதியைப் பாருங்கள். எஃப்.ஐ.ஏ. ஒப்புதல் பெற்ற பெல்ட்டில் எந்த ஆண்டுவரை செல்லும் என்று லேபிள் தைத்திருக்கும். உட்காரும் சீட் 8855-1999 தரம் என்றால் செய்த ஆண்டிலிருந்து 5 ஆண்டு. தேதி முடிந்தது பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும் போட்டிக்கு முந்தைய பரிசோதனையான ஸ்க்ரூட்டினியில் நிராகரிப்பார்கள். தேதி இருந்தாலும் விபத்தில் இருந்த பெல்ட்டை வாங்காதீர்கள். ஒருமுறை இழுபட்ட நாடா அடுத்த முறை அதே அளவுக்குத் தாங்காது.

மாட்டும் விதமும் பொருளளவுக்கு முக்கியம். தோள்பட்டை நாடாக்கள் சீட்டின் மேல்விளிம்பிலிருந்து பின்னால் போகும்போது கிடைமட்டத்துக்கு 45 பாகைக்கு மேல் கீழே சரியக் கூடாது, 10 பாகைக்குள் இருப்பதே நல்லது. செங்குத்தாகத் தரையில் கட்டினால் மோதும்போது நாடா தோளை அழுத்தி முதுகெலும்பை நொறுக்கும். ஆகவே கேஜ் கட்டும்போதே தோள் உயரத்தில் ஒரு குறுக்குக் குழாய் கேட்டு வாங்குங்கள். ஹெல்மெட் விஷயத்தில், பைக் ஹெல்மெட் ஆகாது. அதன் உள்துணி தீயைத் தாங்காது, கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியை மாட்ட அதில் கொக்கியும் கிடையாது.

தீயணைப்பான், கட்-ஆஃப் சுவிட்ச் எல்லாம் பேருக்குத்தானே?

இல்லவே இல்லை. கார் கவிழ்ந்து பெட்ரோல் கசியும்போது முதலில் ஓடி வருபவர் பெரும்பாலும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர். உங்கள் காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் வெளியிலிருந்து இழுக்கும் சுவிட்ச் இருக்கும் இடத்தில், வெள்ளை ஓரமிட்ட நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறி ஒட்டச் சொல்கிறார்கள். உள்ளேயிருந்து, பெல்ட் போட்டபடியே இரண்டு பேர் கைக்கும் அது எட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது இழுத்துப் பாருங்கள். பேட்டரி இணைப்பு மட்டும் அறுந்து, ஆல்டர்னேட்டர் மின்சாரத்தில் இன்ஜின் தொடர்ந்து ஓடினால் வயரிங் தவறு.

கையில் எடுக்கும் தீயணைப்பான் பவுடர் என்றால் குறைந்தது 2 கிலோ. ஒரே இழுப்பில் திறக்கும் உலோகப் பட்டைகளால் கட்டியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டியது கவிழும்போது பறந்து தலையில் அடிக்கும். பேட்டரி, ஸ்டெப்னி, ஜாக் எல்லாவற்றுக்கும் இதே கட்டுப்பாடு.

காரை இறக்கி, ஸ்பிரிங்கை ஹார்டா போட்டா நல்லா திரும்புமே?

தார் ரோட்டில் திரும்பும். மண்ணில் கல்லுக்குக் கல் துள்ளும், துள்ளும் டயர் பிடிப்பதில்லை. மண் ராலிக்குக் காரைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதாது, சக்கரம் மேலும் கீழும் போக இடமும் வேண்டும். காசு போடுகிற இடம் ஷாக் அப்சார்பர். சாதாரண ஷாக்கில் சில கிலோமீட்டர் மண் பாதைக்குள் எண்ணெய் சூடாகி இளகிவிடும். அப்புறம் கார் படகுபோல ஆடும். முடிந்தவரை நல்ல ஷாக் வாங்கி, தேய்ந்தால் பிரித்துச் சரிசெய்யக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் முனை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதிதாக மாற்றுங்கள். உயரத்தை மாற்றிய பிறகு அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

கீழ பக்கம் ஒரு தகடு அடிச்சா போதும்ல?

இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பையும் கியர்பாக்ஸையும் மூடும் சம்ப் கார்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். அது தனிக்கவனம் எடுக்க வேண்டிய வேலை. சம்பு உடைந்தால் ஆயில் கொட்டும், அன்றைய ராலி அத்தோடு முடிந்தது. கனமான அலுமினியத் தகடு நல்லது. ஸ்டீல் மலிவு, ஆனால் முன்பக்க எடை கூடும். கார்டை மெல்லிய ரேடியேட்டர் சட்டத்தில் மாட்டாதீர்கள். சப்ஃப்ரேமிலும் பாடியின் பெட்டிச் சட்டத்திலும் மாட்டுங்கள். சம்புக்கும் கார்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி வேண்டும். கார்டு உள்ளே வளைந்து சம்பைத் தொட்டால், அடுத்த கல்லின் அடி நேராக இன்ஜினுக்குத்தான் போகும். ஸ்டேஜ்களுக்கு நடுவே காரைச் சரிபார்க்கக் கொடுக்கும் சர்வீஸ் நேரத்தில் அதைச் சீக்கிரம் கழற்ற முடிகிறதா என்றும் வீட்டிலேயே பழகிப் பாருங்கள்.

தரைக்குக் கீழே ஓடும் பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் இரண்டையும் காருக்குள் கொண்டுவந்துவிடுங்கள். உள்ளே வரும் பெட்ரோல் குழாய் உலோகமாக, நடுவில் இணைப்பு இல்லாமல் இருக்கட்டும். பெட்ரோல் டேங்க்குக்கும் தனிக் காப்புத் தகடு வேண்டும். சக்கரங்களுக்குப் பின்னால் மட் ஃப்ளாப் மறக்காதீர்கள். தன் டயர் எறியும் கல்லே காரின் அடிப்பக்கத்தை ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும்.

பிரேக்குக்கு நாலு டிஸ்க் போடணுமா?

முதல் ஆண்டு வேண்டாம். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற எஸ்டீமின் ஏற்பாடே போதும். நல்ல பேட், புது ஹோஸ், புது டாட் 4 ஃப்ளூயிட். ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரம் இழுத்துக்கொள்ளும், ஈரம் சேர்ந்தது சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் பெடல் தரைக்குப் போகும். ஆகவே ஒவ்வொரு ராலிக்கு முன்பும் மாற்றுங்கள். கையில் இழுக்கும் ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இன்ஜினை எவ்வளவு ஏத்தலாம்? டர்போ போடலாமா?

எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி இது, நான் வேண்டுமென்றே இவ்வளவு தள்ளி வைத்தேன். டர்போ வேண்டாம். பெரும்பாலான தொடக்க வகுப்புகளில் இன்ஜினை அதிகம் மாற்ற அனுமதியே இல்லை. அனுமதி இருந்தாலும், சக்தி ஏற ஏற கிளட்ச், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக உடையும். வளைவும் குழியுமான பாதையில் 85 குதிரைத்திறனை முழுதாகப் பயன்படுத்தவே ஒரு புது ஓட்டுநருக்குக் காலம் பிடிக்கும்.

செய்ய வேண்டியவை: கம்ப்ரஷன் பார்த்து, தேவைப்பட்டால் ரிங், பேரிங், வால்வு வேலை. புது டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப். சுத்தம் செய்த ரேடியேட்டர். உறுதியான இன்ஜின் மவுன்ட். சம்புக்குள் தடுப்புத் தகடு, நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சாமல் இருக்க. காசு மிஞ்சினால் கியர்பாக்ஸின் ஃபைனல் டிரைவை, அதாவது கடைசிப் பல்சக்கர விகிதத்தை, குட்டையாக்குங்கள். மேல் வேகம் குறையும், ஒவ்வொரு வளைவிலிருந்தும் கார் சட்டென்று எழும். என்னைக் கேட்டால், அதே காசில் இன்னும் பத்து குதிரைத்திறன் சேர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தூசி உள்ள வந்து மூச்சு முட்டுதாமே?

டிக்கி ரப்பர், கதவு ரப்பர், கார்ப்பெட் கழற்றியதால் வெளியே தெரியும் ஓட்டைகள் எல்லாவற்றையும் அடையுங்கள். டிக்கி வழியே வருவது தூசி மட்டுமில்லை, சைலன்சர் புகையும்தான். ஏர் ஃபில்டரின் உறிஞ்சும் வாயை உயரமான இடத்துக்கு மாற்றி, மாற்று ஃபில்டர் ஒன்று சர்வீஸ் பெட்டியில் வைத்திருங்கள்.

கோ-டிரைவருக்கு என்ன வசதி பண்ணணும்?

ஓட்டுபவருக்குச் செய்வது அத்தனையும். பலர் நல்ல சீட்டை ஓட்டுநருக்கும் மிச்சத்தைப் பக்கத்திலும் போடுகிறார்கள், அது நியாயமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் கோ-டிரைவரின் சீட் தாழ்வாக, பின்தள்ளி இருக்கட்டும். காலை உதைத்துக்கொள்ளச் சாய்வான கால்பலகை, அதில் ஹார்ன் பட்டன். பாதையின் வளைவுகளைக் குறித்துவைத்த பேஸ் நோட்டைப் பிடித்த கை அப்படியே இருக்க, காலால் ஹார்ன் அடிப்பார். தூரத்தை அளக்கும் ட்ரிப்மீட்டர், இருவரும் பேசிக்கொள்ள இன்டர்காம், இருட்டில் நோட்டுப் படிக்க வளையும் விளக்கு. பெல்ட் அறுக்கும் கத்தி இருவர் கைக்கும் எட்டும்படி இரண்டு.

இதே காரை வாரநாள்ல ஆபீசுக்கும் ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். கேஜ் போட்ட காரில் ஹெல்மெட் இல்லாமல் உட்கார்ந்தால், சின்ன மோதலில்கூடத் தலை போய் இரும்புக் குழாயில் இடிக்கும். சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாகக் காரை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. போட்டி நடக்கும் ஊருக்கு லாரியில் ஏற்றிப் போவதே நல்லது. முதல் பதிலில் சொன்ன பொதுச் சாலைப் பகுதிகளுக்காக ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் நடப்பில் வைத்திருங்கள். அந்தப் பகுதிகளில் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

புதுசா கட்டறதைவிட, ஏற்கெனவே கட்டின ராலி காரை வாங்கிட்டா?

காசு கணக்கு மட்டும் என்றால் அதுவே லாபம். கட்டியவர் செலவழித்ததில் பாதிகூட விற்கும்போது அவருக்குத் திரும்பாது. ஆனால் கேஜின் வரலாற்றைக் கேளுங்கள். குழாயின் விட்டத்தையும் தடிமனையும் அளந்து, மேலே சொன்ன கண்ணாடிச் சோதனையைச் செய்யுங்கள். பெயின்ட் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஒருதடவை உருண்ட கார். கேஜ் லேசா வளைஞ்சிருக்கு, சூடு காட்டி நிமித்திடலாமா?

கூடாது. குளிர்நிலையில் இழுத்ததால் குழாய்க்குக் கிடைத்த வலுவைச் சூடு எடுத்துவிடும். வளைந்த குழாயை மூட்டோடு வெட்டி எடுத்துப் புதுக் குழாய் போட வேண்டும். முக்கிய வளையமே வளைந்திருந்தால் கேஜ் முழுவதையும் மாற்றுங்கள். ஒப்புதல் சான்றோடு வாங்கிய கேஜ் என்றால் செய்த நிறுவனமோ அதன் ஒப்புதல் பெற்றவரோதான் பழுது பார்க்கலாம். கூடவே, உருண்ட அன்று போட்டிருந்த பெல்ட்டுகளையும் ஹெல்மெட்டுகளையும் மாற்றுங்கள்.

கார் ரெடியாக மாசக்கணக்குல ஆகும்போல. அதுவரை சும்மா இருக்கணுமா?

வேண்டாம். டி.எஸ்.டி. ராலிகளுக்குப் போங்கள். சொன்ன சராசரி வேகத்தில் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய போட்டி. வீட்டுக் காரே போதும், பொதுவாக கேஜ் கேட்பதில்லை. டைம் கன்ட்ரோல் எப்படி வேலை செய்கிறது, பக்கத்தில் உட்காருபவர் சொல்வதை நம்பி எப்படி ஓட்டுவது என்று அங்கே பழகலாம். மண் தளத்தில் நேரத்தை எதிர்த்து ஓட்டும் ஆட்டோகிராஸ் நடந்தால் அதிலும் கலந்துகொள்ளுங்கள். எஃப்.எம்.எஸ்.சி.ஐ. போட்டி உரிமத்துக்கான விண்ணப்பம், மருத்துவச் சான்று வேலைகளையும் இந்த மாதங்களில் முடித்துவிடலாம். இன்னொன்று: ராலி நடக்கும்போது சர்வீஸ் பார்க்குக்குப் போய், தெரிந்த குழு ஒன்றிடம் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் வேலையாவது கேட்டு வாங்குங்கள். எந்தக் காரில் எது உடைகிறது, அதை எப்படிச் சரிசெய்கிறார்கள் என்பது அங்கே கண்ணெதிரே தெரியும். உங்கள் கார் கட்டும்போது அந்தந்த இடத்தை முன்கூட்டியே பலப்படுத்திக்கொள்ளலாம்.